பளிச்சென்ற பச்சையும் நடுநிலை நிறமும் ஒட்டாதபோது: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

கிளிப்பச்சை, எலுமிச்சைப் பச்சை, இளந்தளிர்ப் பச்சை ஆகியவற்றுள் ஒன்றை வண்ணத் தொகுப்பில் வைத்து, அதற்குத் துணையாக ஒரு சாம்பலையோ மணல் நிறத்தையோ வெள்ளையையோ சேர்த்த பிறகு, ஏதோ ஒன்று பொருந்தவில்லை என்று தோன்றினால், பெரும்பாலானோர் முதலில் கைவைப்பது பச்சையில்தான். செறிவைக் கொஞ்சம் குறைப்பார்கள், போதவில்லை என்று இன்னும் குறைப்பார்கள், கடைசியில் அந்தப் பச்சை தன் உயிரை இழந்து பாசி படிந்த நிறமாக வந்து நிற்கும். ஆனால் பொருந்தாமைக்கான காரணம் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் நடுநிலை நிறத்தில்தான் இருக்கிறது. ஆகவே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறிக்கும் நடுநிலை நிறத்தையே முதலில் சோதித்து, அதில் தீராதபோது மட்டும் பச்சைக்கு வருகிறேன்.

எண்களைச் சொல்லும் இடங்களில் எல்லாம் சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையிலான ஆர்ஜிபி மதிப்புகளையே தருகிறேன். எடுத்துக்காட்டாகப் பயன்படும் பச்சை 50, 205, 50. கண்ணைப் பறிக்கும், ஆனால் திரையில் அன்றாடம் காணக்கூடிய பச்சை அது.

சோதிக்கத் தொடங்கும் முன்

திரையில் இரவு முறை இயங்கிக்கொண்டிருந்தால் அதை நிறுத்துங்கள். சூழலின் ஒளிக்கேற்பத் திரை தானாக நிறம் மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இந்த இரண்டும் வெள்ளையையும் சாம்பலையும் மஞ்சள் பக்கம் தள்ளிவிடக்கூடும் என்பதால், இல்லாத பிழையைத் திருத்திக்கொண்டிருக்க நேரிடும். நீண்ட நேரம் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணும் நம்பத்தக்கதல்ல. பச்சையை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பார்த்தால் ஊதா கலந்த ஓர் இளஞ்சிவப்பு நிழல் மிதப்பது போலத் தெரியும். அந்த நிழல் கண்ணில் இருக்கும்வரை எந்தச் சாம்பலையும் சரியாக எடைபோட முடியாது. எழுந்து போய், தொலைவில் எதையாவது சில நிமிடம் பார்த்துவிட்டு வாருங்கள்.

அறிகுறி: சாம்பல் நிறம் இளஞ்சிவப்பு ஏறியது போலத் தெரிகிறது

இந்தக் கூட்டணியில் மிக அதிகமாக வரும் பிழை இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஓர் அறிக்கையின் அட்டைக்காக நான் அமைத்த வடிவத்தைப் பார்த்த வாடிக்கையாளர், “சாம்பலில் ரோஸ் கலந்திருக்கிறது, அதை எடுத்துவிடுங்கள்” என்று எழுதியிருந்தார். கோப்பைத் திறந்து நிறம் எடுக்கும் கருவியை வைத்துப் பார்த்தால் 128, 128, 128 என்று மூன்று எண்களும் ஒன்றாகவே இருந்தன. எடுப்பதற்கு அதில் ரோஸ் எதுவும் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது சரிதான். அந்தப் பச்சைப் பட்டைக்குக் கீழே அந்தச் சாம்பல் இளஞ்சிவப்பாகத்தான் தெரிந்தது.

கண், ஒரு நிறத்தைத் தனியே பார்ப்பதில்லை. அருகில் செறிவான பச்சை இருந்தால், அதன் பக்கத்தில் உள்ள நிறமற்ற பரப்பின் மீது பச்சையின் எதிர்நிறத்தை, அதாவது சிவப்பும் ஊதாவும் கலந்த ஒரு மெல்லிய சாயலை, ஏற்றிப் பார்க்கிறது. பாரிஸில் உள்ள கோப்லான் திரைச்சீலை நெசவாலையில் 1824இல் சாயப் பிரிவின் பொறுப்பேற்ற வேதியியலாளர் மிஷேல் யூஜீன் ஷெவ்ரூலிடம், நீல, ஊதாத் திரைச்சீலைகளில் கருப்பு நூலுக்கு ஆழம் போதவில்லை என்ற முறையீடு வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் ஓடும் நூல்களின் நிறம்தான் கருப்பை வெளிறச் செய்கிறது என்று அவர் கண்டறிந்து, 1839இல் அதை விரிவாக வெளியிட்டார். நம் சாம்பலுக்கு நேர்வதும் அதுவேதான்.

உறுதிப்படுத்திக்கொள்ள ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு வெற்றுத் தாளில், ஒன்றுக்கொன்று ஒரு கையளவு தள்ளி, பென்சில் நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் இடுங்கள். ஒரு துளை பச்சைக்கு மிக அருகில் உள்ள சாம்பலின் மேலும், மற்றது பச்சையிலிருந்து விலகி இருக்கும் அதே சாம்பலின் மேலும் வருமாறு தாளைத் திரையின் மீது பிடியுங்கள். தாளை வைக்கும் முன் வேறுவேறாகத் தெரிந்த இரண்டு சாம்பல்களும் துளைகளின் வழியே ஒன்றாகத் தெரிந்தால், பிழை கோப்பில் இல்லை, அண்டை நிறத்தால் நேர்வது என்று பொருள். துளைகளின் வழியாகவும் ஒன்று சிவந்தே தெரிந்தால், உங்கள் சாம்பலில் உண்மையாகவே சிவப்பு இருக்கிறது, எண்களைச் சரிபாருங்கள்.

மருந்து: சாம்பலில் மிகச் சிறிதளவு பச்சையைச் சேர்த்துவிடுங்கள். 128, 128, 128 என்பதை 122, 130, 123 என்று மாற்றினால், அதன் ஒளிர்வு ஏறத்தாழ அப்படியே இருக்க, கண் ஏற்றும் சிவப்பை அந்தச் சிறிய பச்சை ஈடுகட்டிவிடும். நான் அனுப்பிய திருத்தமும் இதுவே. வாடிக்கையாளர் ரோஸ் போய்விட்டது என்றார். அளவு மீறிவிடாதீர்கள். பச்சை எண் மற்ற இரண்டையும்விடப் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் கூடினால், சாம்பல் சாம்பலாக நிற்காமல் மங்கிய பச்சையாகத் தன்னை அறிவித்துக்கொள்ளும். அப்போது தொகுப்பில் நடுநிலை நிறமே இல்லாமல் போய்விடும். அதே சமயம், சாம்பல் பச்சையைத் தொடாத இடங்களில், எடுத்துக்காட்டாக வெள்ளைப் பக்கத்தில் தனியே நிற்கும் கோடுகளில், இந்தத் திருத்திய சாம்பலின் பச்சை லேசாக வெளியே தெரியலாம். அங்கே தூய சாம்பலையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே சாம்பல் எல்லா இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை.

அறிகுறி: மணல் நிறமோ பழுப்போ பச்சைக்கு அருகில் அழுக்காகத் தெரிகிறது

இது முந்தைய அறிகுறியின் உடன்பிறப்பு. மணல், தந்தம், சணல் போன்ற இதமான நடுநிலை நிறங்களில் ஏற்கெனவே சிவப்பு கலந்திருக்கிறது. பச்சை பக்கத்தில் வந்ததும் அந்தச் சிவப்பு இரட்டிப்பாகி, மணல் நிறம் தோலின் நிறத்தையோ கறை படிந்த துணியையோ நினைவூட்டத் தொடங்கும். சிவப்பு எண் பச்சை எண்ணைவிட எவ்வளவு கூடுதல் என்பதை முதலில் பாருங்கள். 210, 180, 140 என்ற பழுப்பில் அந்த இடைவெளி 30; நம் எடுத்துக்காட்டுப் பச்சைக்கு அருகில் இது கட்டாயம் சிவக்கும். 245, 245, 220 என்ற வெளிர் மணலிலோ இரண்டும் சமம். அதனால் அது சலனமின்றி அமர்கிறது. பளிச்சென்ற பச்சையை ஒட்டி வரும் வெளிர் நடுநிலை நிறத்தில் இந்த இடைவெளியைப் பத்துக்குள் வைத்துக்கொள்வது என் கைக்கணக்கு.

பழுப்புதான் வேண்டும் என்று இருந்தால், அதை நன்றாக இருட்டாக்கி, காபிக் கொட்டையின் ஆழத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆழ்ந்த பழுப்பில் சாயல் மாற்றம் கண்ணுக்குப் பெரிதாகப் படாது. இலையும் மரப்பட்டையும் சேர்ந்து நிற்கும்போது நமக்கு உறுத்துவதில்லை என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

அறிகுறி: பச்சையும் சாம்பலும் சந்திக்கும் விளிம்பு நிலைகொள்ளாமல் நெளிகிறது

விளிம்பு அதிர்வது போலவோ, பச்சை எழுத்துகள் பின்னணியில் கரைவது போலவோ தோன்றினால், இரண்டு நிறங்களும் சாயலில் வேறுபட்டும் ஒளிர்வில் ஒன்றாக இருக்கின்றன என்று கொள்ளலாம். விளிம்பைக் கண் ஒளிர்வு வேறுபாட்டால்தான் கூர்மையாகப் பிரித்துக்கொள்கிறது. சாயல் வேறுபாடு மட்டும் அந்த வேலையைச் செய்வதில்லை.

இங்கே பலரை ஏமாற்றுவது, நிறத்தைச் சாயல், செறிவு, ஒளிர்வு என்று பிரித்துக் காட்டும் ஹெச்எஸ்எல் முறையின் ஒளிர்வு எண். அந்த முறைப்படி 50, 205, 50 என்ற பச்சையின் ஒளிர்வு 50 விழுக்காடு. அதற்கு இணையான சாம்பல் 128. இதை நம்பி, சாம்பலை 178க்கு ஏற்றிவிட்டால் போதிய இடைவெளி வந்துவிட்டது என்று ஒருவர் நினைக்கக்கூடும். நடப்பது நேர்மாறு. மனிதக் கண் பகலொளியில் 555 நானோமீட்டரை ஒட்டிய பசுமஞ்சள் ஒளிக்கே மிகுதியாகப் பதில் தருகிறது. எஸ்ஆர்ஜிபி என்ற பொதுத் தரத்தைப் பின்பற்றும் திரையின் ஒளிர்வைக் கணக்கிடும்போது சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு 0.0722, பச்சைக்கு மட்டும் 0.7152 என்று பங்கு கொடுப்பதும் அதனால்தான். அந்தக் கணக்குப்படி நம் பச்சைக்குச் சரிசமமான சாம்பல் 178, 178, 178. இடைவெளி வேண்டி ஏற்றிய சாம்பல், மிகச் சரியாக மோதும் இடத்தில் போய் நின்றுவிடுகிறது.

சோதிக்க, வடிவத்தைக் கருப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள்; ஆனால் செறிவைச் சுழியாக்கும் கட்டளையைப் பயன்படுத்த வேண்டாம், அதுவும் சில மென்பொருள்களில் அதே ஹெச்எஸ்எல் கணக்கையே செய்கிறது. ஒளிர்வை அடிப்படையாகக் கொண்ட மாற்றம் எது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பச்சையும் சாம்பலும் ஒரே கறையாகக் கலந்துவிட்டால், சாம்பலை 235க்கு மேலே ஏற்றுங்கள், அல்லது 90க்குக் கீழே இறக்குங்கள். தொடர்ந்து இத்தகைய தொகுப்புகளை அமைப்பவர்கள், 2020இல் பியோர்ன் ஓட்டோசன் வெளியிட்ட, கண் உணரும் விதத்தை ஒட்டி நிறங்களை எண்களால் குறிக்கும் ஓகேலேப் நிறவெளியையும் அதன் ஓகேஎல்சிஹெச் வடிவத்தையும் பழகிக்கொள்வது நல்லது. ஹெச்எஸ்எல்லில் தூய பச்சையும் தூய நீலமும் ஒரே 50 விழுக்காடு ஒளிர்வு. ஓகேஎல்சிஹெச்சிலோ, 0 முதல் 1 வரையிலான அளவில், பச்சை ஏறத்தாழ 0.87, நீலம் ஏறத்தாழ 0.45. கண் காண்பதற்கு இந்த எண்கள் எவ்வளவோ நெருக்கமானவை.

அறிகுறி: எழுத்து படிக்க வரவில்லை

பச்சைப் பொத்தானில் வெள்ளை எழுத்து என்பது கை தானாகப் போகும் தேர்வு. 50, 205, 50 மீது வெள்ளைக்குக் கிடைக்கும் வேறுபாட்டு விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம், 2.1 மட்டுமே. இணைய அணுகல்தன்மைக்கான டபிள்யூசிஏஜி நெறிமுறை, அதன் இடைநிலையான ஏஏ மட்டத்தில், சாதாரண எழுத்துக்கு 4.5உம், 18 புள்ளி அளவோ 14 புள்ளித் தடித்த எழுத்தோ என்றால் 3உம் கேட்கிறது. தூய பச்சையான 0, 255, 0 இன்னும் மோசம். வெள்ளையோடு அது 1.4ஐக்கூட எட்டவில்லை.

இரண்டு வழிகள் உண்டு. பச்சையின் பிரகாசம்தான் அந்த அடையாளத்தின் உயிர் என்றால் அதைத் தொடாதீர்கள், எழுத்தை மாற்றுங்கள். 28, 34, 29 என்ற கரி நிறத்தை அதே பச்சையின் மேல் வைத்தால் விகிதம் 7.6ஆக உயர்கிறது, தொகுப்பின் ஆழமான நடுநிலை நிறமும் அதுவாகவே அமைந்துவிடுகிறது. வெள்ளை எழுத்தைத்தான் வைக்க வேண்டும் என்றால் பச்சையை இறக்குங்கள்: 34, 170, 34 வெள்ளையோடு மூன்றைச் சற்றே தாண்டும், பெரிய எழுத்துக்குப் போதும், 0, 128, 0 ஐந்தைத் தாண்டும், சிறிய எழுத்துக்கும் போதும். எனக்கு முதல் வழிதான் பிடிக்கும். இருட்டாக்கிய பச்சை பார்வைக்கு அழகாகவே இருக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் கேட்டு வந்த பச்சை அது இல்லை.

சாம்பல் எழுத்தையும் மறக்க வேண்டாம். வெள்ளைப் பின்னணியில் 4.5ஐத் தாண்டும் மிக வெளிறிய சாம்பல் 118, 118, 118. அதே எழுத்தை 245 என்ற வெளிர்சாம்பல் பெட்டிக்குள் வைத்தால் விகிதம் 4.2 அளவுக்கு இறங்கிப் போய்விடுகிறது. வெள்ளைப் பக்கத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு, அதையே பெட்டிகளுக்குள்ளும் நம்பிப் பயன்படுத்துவதால் வரும் பிழை இது. அந்தச் சாம்பலைப் பச்சையின் மேலேயே வைத்தால் 2.1, அந்த இணையை எங்கும் எழுத்துக்குப் பயன்படுத்தவே கூடாது.

அறிகுறி: சிலருக்குப் பச்சையும் சாம்பலும் ஒன்றாகத் தெரிகின்றன

“இயங்குகிறது” என்பதற்குப் பச்சைப் புள்ளி, “இயங்கவில்லை” என்பதற்குச் சாம்பல் புள்ளி என்று வைத்திருப்பீர்கள். பயனர் ஒருவர் இரண்டும் ஒன்றுதானே என்பார். அவர் கவனக்குறைவாகப் பார்க்கவில்லை. வட ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்குச் சிவப்பு பச்சை வேறுபாடு குறைவாகவே தெரிகிறது. மற்ற மக்களிடையே அளவு மாறினாலும் எங்கும் இது இருக்கிறது. விழித்திரையில் பச்சையை உணரும் கூம்பணு இல்லாதவர்களுக்கு 500 நானோமீட்டரை ஒட்டிய நீலப்பச்சை நிறமற்றதாக, சாம்பலாகவே தெரியும். அதனால் நீலம் கலந்த பச்சையைச் சாம்பலோடு இணைக்கும்போதுதான் ஆபத்து மிகுதி. மஞ்சள் பக்கம் சாய்ந்த பச்சை அவர்களுக்கு மஞ்சளாகவாவது பிரிந்து தெரியும்.

பச்சையை மஞ்சள் பக்கம் சற்றே நகர்த்துங்கள், சாம்பலின் ஒளிர்வை நன்றாக விலக்குங்கள், அதற்கும் மேலாக வடிவத்தை மாற்றுங்கள்: ஒன்று நிரப்பிய வட்டம், மற்றது வெறும் வளையம். பொருளை நிறம் மட்டுமே சுமக்கும்படி விடுவது எந்தத் தொகுப்பிலும் தவறு; இந்தத் தொகுப்பில் அது உடனடியாக அகப்படும்.

அறிகுறி: இரண்டு பச்சைகள் ஒன்றையொன்று கெடுக்கின்றன

154, 205, 50 போன்ற பசுமஞ்சளும் 46, 139, 87 போன்ற கடற்பச்சையும் ஒரே தொகுப்பில் வரும்போது, முதலாவதற்கு அருகில் இதமாக இருந்த தந்த வெள்ளை, இரண்டாவதற்கு அருகில் சிவந்து நிற்கும். ஒரே நடுநிலை நிறம் இருவருக்கும் நடுவராக இருக்க வேண்டும் என்றால், அது வெளிர் நிறமாக இருப்பதைவிட ஆழ்ந்த நிறமாக இருப்பதே மேல். மேலே சொன்ன கரி நிறம் இரண்டையும் தாங்கும். இரண்டு பச்சைகளும் ஒன்றையொன்று தொடாமல் நடுவே அந்தக் கரியோ வெள்ளையோ ஒரு பட்டையாக ஓடட்டும். ஒரு பச்சைக்குப் பெரிய பரப்பு, மற்றதற்குச் சிறு துளி. சம பங்கு கொடுத்தால் இரண்டும் முதன்மைக்குப் போட்டியிடும்.

அறிகுறி: திரையில் பளிச்சிட்ட பச்சை அச்சில் செத்துப்போகிறது

சியான் மையும் மஞ்சள் மையும் சேர்ந்து தரக்கூடிய பச்சைக்கு ஓர் எல்லை உண்டு. நம் எடுத்துக்காட்டுப் பச்சை அந்த எல்லைக்கு வெளியே இருக்கிறது. பூச்சில்லாத தாளில் எல்லை இன்னும் சுருங்கும். கோப்பை, நான்கு அச்சு மைகளின் அளவால் நிறத்தைக் குறிக்கும் சிஎம்ஒய்கே முறைக்கு மாற்றியதும் திரையிலேயே பச்சை மங்குவதைக் காணலாம். அதைப் பார்த்து அதிர்ந்து, மஞ்சள் மையை நூறு விழுக்காட்டுக்கு ஏற்றுவதால் பயன் சிறிது, ஏமாற்றம் பெரிது. செலவு தாங்குமானால் தனி மையாகக் கலக்கிய பச்சையை அச்சிடச் சொல்லுங்கள். தாங்காவிட்டால், பச்சையை விட்டுவிட்டு அதன் அண்டை நிறத்தைத் திருத்துங்கள். நடுத்தரச் சாம்பலை நீக்கி, வெள்ளைத் தாளை நிறைய விட்டு, ஆழ்ந்த கரியை ஒரு பக்கம் நிறுத்தினால், அதே மங்கிய பச்சை எடுப்பாகத் தெரியும்.

அச்சில் சாம்பல் சிவந்து வந்தால், அது எந்த மைகளால் உருவானது என்று பாருங்கள். சியான், மஜெந்தா, மஞ்சள் மூன்றும் சேர்ந்து சாம்பலாக வேண்டுமானால் சியான் கூடுதலாக இருக்க வேண்டும். மை விழுக்காட்டில் 50, 40, 40 என்ற அளவில்தான் அது நடுநிலைக்கு வரும். அச்சு இயந்திரத்தில் மஜெந்தா ஒரு துளி ஏறினாலும் அந்தச் சமநிலை குலையும், பச்சை பக்கத்தில் இருப்பதால் குலைவு பெரிதாகத் தெரியும். வெறும் கருப்பு மையின் விழுக்காட்டால் உருவாக்கிய சாம்பலுக்கு இந்த நோய் வராது. மாதிரிப் படியைப் பகலொளியை ஒத்த 5000 கெல்வின் விளக்கின் கீழ் பார்த்த பிறகே ஒப்புதல் கொடுங்கள். ஓர் ஒளியில் ஒத்துப்போகும் இரண்டு நிறங்கள் மற்றோர் ஒளியில் பிரிந்துவிடுவது உண்டு.

அறிகுறி: அறையில் வெள்ளைக் கூரை பச்சையாகத் தெரிகிறது

இது கண்ணின் ஏமாற்றம் இல்லை. பச்சைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி உண்மையிலேயே கூரையின் மீது விழுகிறது. எனவே முதல் அறிகுறிக்குச் சொன்ன மருந்தை இங்கே தலைகீழாகக் கொடுக்க வேண்டும்: கூரையின் வெள்ளையில் ஒரு துளி சிவப்பு சாய்ந்த இதத்தைச் சேருங்கள். சன்னலுக்கு எதிர்ச்சுவரில் பச்சையைப் பூசுவதைத் தவிர்த்தாலே பாதி தீர்ந்துவிடும்.

அறிகுறி: இருண்ட பின்னணியில் பச்சை ஒளிவட்டம் போடுகிறது

முழுக் கருப்பின் மேல் தூய பச்சைக்கு 15.3 என்ற விகிதம் கிடைக்கிறது. எண் மிக நன்றாக இருந்தும் சிலருக்கு எழுத்தின் விளிம்பு பரவித் தெரியும். கருப்பைக் கைவிட்டு, பச்சை லேசாகக் கலந்த கரிக்கு மாறுங்கள். பத்திகளை வெளிர்சாம்பலில் எழுதி, பச்சையைப் பொத்தானுக்கும் இணைப்புக்கும் மட்டும் விடுங்கள். இருண்ட பின்னணியில்தான் பச்சையின் செறிவையும் சற்றுக் குறைக்க நான் உடன்படுவேன்.

அறிகுறி: எந்தப் பிழையும் இல்லை, ஆனாலும் தொகுப்பு சோர்ந்து கிடக்கிறது

விகிதங்கள் தேறிவிட்டன, சாம்பல் சிவக்கவில்லை, விளிம்புகள் நிலையாக இருக்கின்றன. பார்த்தால் மனம் எழவில்லை. தொகுப்பில் உள்ள நடுநிலை நிறங்களை எண்ணிப் பாருங்கள். ஐந்து ஆறு சாம்பல்கள் இருக்கும், அவற்றில் பெரும்பாலானவை 140க்கும் 210க்கும் இடையில் கூட்டமாக நிற்கும், பச்சையின் ஒளிர்வும் அங்கேயே இருப்பதால் அது கூட்டத்தில் ஒன்றாகிவிடும். அந்த இடைப்பட்ட சாம்பல்களைப் பெரிய பரப்புகளிலிருந்து எடுத்துவிட்டு, மெல்லிய கோடுகளுக்கும் செயலற்ற பொத்தான்களுக்கும் மட்டும் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். மீதி இடத்தை 240ஐத் தாண்டிய ஒரு வெளிர் நிறமும் 40ஐத் தாண்டாத ஒரு கரியும் பகிர்ந்துகொள்ளட்டும். பிறகு பச்சை பரவியிருக்கும் இடங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வாருங்கள். ஒரு கட்டத்தில், இன்னும் ஓர் இடத்தில் நீக்கினால் வடிவத்தில் பச்சையே இல்லை என்று தோன்றும். அதற்கு ஒரு படி முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள்.